ஆளில்லாத மனிதன்



அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில் ஒரு நோயாளியைக் காண்கிறோம். ஜெருசலேம் நகரில் ஆட்டு வாசலுக்கு அருகே ஒரு குளம். அதை அடுத்து ஐந்து மண்டபங்கள். அவற்றிலே குருடரும், முடவரும், கைகால் சூம்பினவர்களும் கூட்டங்கூட்டமாய்ப் படுத்துக் கிடக்கிறார்கள். தண்ணீர் கலங்கும் வேளையில் முந்தி இறங்குகிறவன் சுகமடைவான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தக் கூட்டத்தின் நடுவே 38 வருஷமாய் நோயுற்றிருந்த ஒருவனைச் சேசுநாதர் சுவாமி பார்க்கிறார். சுகமடைய விரும்புகிறாயா என்று அவனைக் கேட்கிறார். "ஆம், சுவாமி" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். அவனோ அப்படிச் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆளில்லை என்றுதான் சொன்னான்.

சற்று எண்ணிப் பாருங்கள். 38 வருஷத்தில் அந்த மண்டபத்தைக் கடந்து போனவர்கள் எத்தனை பேர்! தேவாலயத்துக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், வியாபாரிகள், குருக்கள், வேதபாரகர். எல்லாருடைய கண்ணிலும் அவன் பட்டிருப்பான். ஆனால் அவனிடம் நின்று பேச ஒருவருக்கும் நேரமில்லை. பக்கத்தில் படுத்திருந்தவர்களோ அவனுக்குத் துணைவர்களாய் இராமல், குளத்தில் முந்திக்கொள்ளும் போட்டிக்காரர்களாய் இருந்தார்கள். அவனுடைய உடம்பின் நோய் ஒன்று. ஜன நெருக்கத்தின் நடுவே தனக்கென்று ஒருவருமில்லாமல் கிடந்தானே, அது மற்றொன்று. இந்த இரண்டாவது நோயைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம்முடைய காலத்தில் இந்த நோய்க்குப் படித்தவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்நியமாதல் என்கிறார்கள். தன் வீட்டில், தன் ஊரில், தன் வேலையில், ஏன், தன் உள்ளத்திலேயே ஒருவன் வேற்றாள்போல் உணர்வது. இந்த உணர்ச்சியை ஆராய்ந்த தத்துவத்துக்கு இருத்தலியம் என்று பெயர். நம் பிள்ளைகள் கல்லூரியில் இதைப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த மகன் இராச் சாப்பாட்டின்போது, "வாழ்க்கைக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது அப்பா, நாமாக ஏற்படுத்திக்கொண்டால்தான் உண்டு" என்று சொன்னால், தகப்பன் திடுக்கிடுகிறார், தாய், "யாரோ பையனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்" என்கிறாள். ஆகையால் அந்தத் தத்துவம் என்ன சொல்லுகிறது, அதில் எது மெய், எங்கே அது வழி தவறுகிறது என்று நாம் அறிந்திருப்பது நல்லது.

இந்தத் தத்துவத்தின் மூதாதை என்று கொள்ளப்படுகிறவர் டென்மார்க் தேசத்துக் கீர்க்ககார். 1813-ல் பிறந்து 1855-ல் இறந்தவர். பக்தியுள்ள கிறிஸ்தவர். ஜனங்கள் கும்பலாய்க் கிறிஸ்தவர்களாயிருப்பதில் பயனில்லை, ஒவ்வொருவனும் தனித்தனியே சர்வேசுரன் முன்னிலையில் நிற்க வேண்டும் என்று வாதாடினார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் சர்வேசுரனை விட்டுவிட்டு, தனியே நிற்பதை மாத்திரம் வைத்துக்கொண்டார்கள்.

அப்படி வந்தவர்களில் எல்லாரிலும் பேர்பெற்றவர் பிரான்சு தேசத்து ழான் பால் சார்த்தர். 1905-ல் பிறந்து 1980-ல் மரித்தார். மனிதன் இன்ன நோக்கத்துக்கென்று உண்டாக்கப்பட்டவன் அல்ல. முதலில் அவன் இருக்கிறான், பிறகு தன் செய்கைகளால் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறான் என்பது இவர் போதனை. 1943-ல் வெளியான பெரிய நூலில் இவர் ஓர் உதாரணம் சொல்லுகிறார். ஒருவன் பூட்டுத் துவாரத்தின் வழியே ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். திடீரென்று பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று அறிந்த அந்தக் கணத்திலே அவன் வெட்கத்தால் குன்றிப் போகிறான். அதுவரை பார்க்கிறவனாயிருந்தவன் இப்போது பார்க்கப்படுகிற பொருளாகிவிட்டான். பிறர் பார்வை என்னை ஒரு பொருளாக்கிவிடுகிறது என்பதே இதன் சாரம்.

இதையே அவர் நாடகமாகவும் எழுதினார். 1944-ம் வருஷம் மே மாதம், பாரீஸ் நகரம் இன்னும் ஜெர்மானியப் படையின் கையில் இருந்தபோது, அந்த நாடகம் முதன்முதல் அரங்கேறியது. செத்துப்போன மூன்று பேரை ஓர் அறையில் அடைக்கிறார்கள். அதுதான் நரகம். நெருப்புமில்லை, சவுக்குமில்லை. முகம் பார்க்க ஒரு கண்ணாடியும் இல்லை. விளக்கு அணைவதும் இல்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; அந்தப் பார்வையே தண்டனை. முடிவில் பூட்டியிருந்த கதவு திறந்துகொள்கிறது. ஆனால் ஒருவரும் வெளியே போகவில்லை.

பிரியமானவர்களே, இது பொய் என்று சட்டென்று சொல்லிவிட முடியுமா? பேசாத புருஷனும் பெண்சாதியும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளை நான் அறிவேன். பாகப்பிரிவினையில் முகம் திருப்பிக்கொண்டு, ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் முழந்தாளிடும் அண்ணன் தம்பிகளை நீங்களும் அறிவீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. எழுந்து போகத்தான் ஒருவரும் இல்லை.

திருச்சபை இந்தப் போதனையைக் கண்டித்தது. 1948-ல் சார்த்தரின் நூல்கள் விலக்கப்பட்ட புத்தகங்களின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணை 1966-ல் சட்டமாயிருப்பது நின்றது. 1950-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் தமது நிருபத்தில் இருத்தலியத்தைப் பற்றி எச்சரித்தார். மனிதனைப் படைத்தவரை மறுத்துவிட்டு, மனிதனுக்கு விடுதலை தேடுவது வேரை வெட்டிவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல என்பதே நம் விசுவாசம். இதில் மாற்றமில்லை.

ஆனால் கண்டித்ததோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா? இந்தப் பேரறிஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்தால் நமக்கு வெட்கமுண்டாகும். சார்த்தர் கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை. "அந்நியன்" என்ற நாவலை 1942-ல் வெளியிட்டு, 1957-ல் நோபல் பரிசு பெற்ற ஆல்பர் காம்யு, அல்ஜீரியாவில் ஏழைத் தாயின் மகனாய் வளர்ந்து முதல் நன்மை வாங்கினவர். ஜெர்மனி தேசத்து ஹைடெகர் என்னும் பெரிய தத்துவ ஆசிரியரோ மெஸ்கிர்க் என்னும் சிற்றூரின் கோயிற்பிள்ளையுடைய மகன். 1909-ல் சேசுசபையின் நவசந்நியாசத்திலும் சேர்ந்து, உடல்நலக் குறைவால் இரண்டு வாரத்தில் வெளியேறினவர். இவர்கள் தூரதேசத்து அஞ்ஞானிகள் அல்லர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பங்கின் பிள்ளை. ஏதோ ஒரு ஞானஸ்நானப் புத்தகத்தில் இவர்கள் பெயர் எழுதியிருக்கிறது.

சார்த்தர் 15 மாதக் குழந்தையாயிருந்தபோது தகப்பனை இழந்தார். தாயின் பெற்றோர் வீட்டில் வளர்ந்தார். தன் இளமையைப் பற்றி எழுதி 1964-ல் நூலாக வெளியிட்டபோது, தான் விசுவாசத்தை இழந்த காரணத்தைச் சொல்லுகிறார். வேத சத்தியங்களில் முரண்பாடு கண்டதினால் அல்ல. தாத்தா பாட்டியின் அசட்டையினால்தானாம். வீட்டில் பெயருக்கு வேதம் இருந்தது; அதை மெய்யாய் எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பெற்றோர்களே, பாட்டன் பாட்டிமாரே, இதைக் கவனியுங்கள்! 1965-ல் முடிந்த 2-ம் வத்திக்கான் சங்கமும் இக்காலத்து நாஸ்திகத்தைப் பற்றிப் பேசும்போது, அது தோன்றுவதற்கு விசுவாசிகளுக்கும் கணிசமான பங்கு இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. நம் நடக்கை ஆண்டவருடைய முகத்தைக் காட்டுவதற்குப் பதிலாய் மறைத்துவிடக் கூடுமாம்.

இதே சார்த்தரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1940-ல் அவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, திரியேர் நகரத்துக் கைதிகள் முகாமில் இருந்தார். அங்கே குருக்கள் சிலரும் கைதிகளாயிருந்தார்கள். அவர்களோடு அவருக்குச் சிநேகமுண்டாயிற்று. அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் இரவில் கைதிகளின் ஆறுதலுக்காக, கர்த்தர் பிறப்பைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, மூன்று இராஜாக்களில் ஒருவராகிய பல்தசாராகத் தாமே நடித்தார். இதனால் அவர் விசுவாசியாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படியில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆனாலும் மற்றவர்களே நமக்கு நரகம் என்று காட்டும் நாடகத்தை எழுதின அதே கை, சில வருஷத்துக்கு முன்னே, குளிரிலும் துயரத்திலும் கிடந்த மற்றவர்களுக்கு நம்பிக்கை கொடுக்கத் தீவனத்தொட்டியின் கதையை எழுதியது. அடைபட்ட அறையில் மற்றவர்கள் நரகமாவதும் உண்டு, உதவியாவதும் உண்டு. எது நடக்கும் என்பது அங்கே இருக்கிறவர்களைப் பொறுத்தது.

இனி இந்த வழியிலே நடந்தும் வீடு வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். அவர் பெயர் கபிரியேல் மார்செல். 1889-ல் பாரீசில் பிறந்தவர். நான்கு வயது நிரம்பும் முன்னே தாயை இழந்தார். தாயின் சகோதரி வளர்த்தாள். பிறகு அவளே தகப்பனாரின் இரண்டாம் மனைவியானாள். தகப்பனார் பக்தியை விட்டுவிட்ட கத்தோலிக்கர். இந்தப் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. வளர்ந்து தத்துவ சாஸ்திரம் கற்றார்.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. உடல் வலுவில்லாததால் இவரைப் படையில் சேர்க்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில், காணாமற்போன போர்வீரர்களைப் பற்றித் தகவல் தேடிச் சொல்லும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அட்டை. பெயர், படைப்பிரிவின் எண், கடைசியாய்க் காணப்பட்ட இடம். மேசைமேல் அட்டைகள் அடுக்கடுக்காய்க் குவிந்தன. ஆனால் தினந்தோறும் தாய்மார், மனைவிமார், தகப்பன்மார் வந்து எதிரே நின்றார்கள். "என் மகனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்கிற தாயிடம் அட்டையின் எண்ணைச் சொல்லிப் பயனென்ன? நாளடைவில் ஒவ்வொரு அட்டையும் நெஞ்சைப் பிளக்கும் ஓர் அழைப்பாகவே தமக்குத் தோன்றிற்று என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அவருடைய தத்துவத்தின் விதை அந்த மேசையில்தான் விழுந்தது என்று சொல்லலாம். மனிதனைக் குறித்து வைக்கலாம், எண்ணலாம், பிரித்து அடுக்கலாம். ஆனால் எழுதி முடித்த பின்னும் மனிதன் அந்த அட்டையில் இல்லை. 1933-ல் எழுதின ஒரு கட்டுரையில் அவர் பாரீசின் சுரங்க ரயில் நிலையத்து ஊழியனைக் காட்டுகிறார். நாள் முழுதும் கதவு திறக்கிறான், அல்லது சீட்டில் துளை போடுகிறான். உலகத்துக்கு அவன் ஒரு வேலை மாத்திரமே. அவனும் நாளடைவில் தன்னை ஒரு வேலையாகவே எண்ணத் தொடங்குகிறான். நோய் வந்தால் பழுது பார்க்க ஆஸ்பத்திரி. செத்தால் கணக்கிலிருந்து நீக்கம். அந்நியமாதல் என்பதை இதைவிடத் தெளிவாய் யார் சொல்லக்கூடும்?

இதற்கு மருந்தென்ன என்றும் அவர் தேடினார். உடனிருத்தல் என்று அவர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதெல்லாம் உடனிருத்தல் ஆகாது. ஒருவர் நாம் சொல்வதை வரி தவறாமல் கேட்கலாம். ஆனால் தம் உள்ளத்தில் நமக்கு இடம் விடாதிருக்கலாம். வேறொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு பார்வையால், ஒரு கைப்பிடியால், "நான் உன்னோடிருக்கிறேன்" என்று உணர்த்திவிடலாம். முந்தினவரிடமிருந்து எழுந்து போகையில் நாம் இன்னும் அதிகத் தனியராகிறோம். பிந்தினவரிடமிருந்து நாமாகவே திரும்பி வருகிறோம். பிறர் பார்வை நம்மைப் பொருளாக்குகிறது என்று சார்த்தர் சொன்னது பாதி உண்மை. நம்மை மனிதராக்குகிற பார்வையும் உண்டு என்பது மற்றப் பாதி.

மார்செல் இவ்வளவு தூரம் வந்தும் வெகுகாலம் கோயில் வாசலிலேயே நின்றார். மற்றவர்களுடைய விசுவாசத்தை மதித்தார். அதைப் பற்றி எழுதினார். ஆனால் உள்ளே வரவில்லை. 1929-ல் கத்தோலிக்க எழுத்தாளரான பிரான்சுவா மோரியாக் எழுதிய ஒரு புத்தகத்துக்கு மார்செல் மதிப்புரை எழுதினார். அதைப் படித்த மோரியாக் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அதிலே, இவ்வளவு தெரிந்த நீர் ஏன் இன்னும் எங்களில் ஒருவராகவில்லை என்று கேட்டார். வாதமில்லை, கண்டனமில்லை, ஒரு கேள்விதான். மார்செலுக்கு அது மோரியாக்கின் குரலாய் மாத்திரம் படவில்லை. அந்த வருஷம் மார்ச் மாதம், தமது 39-ம் வயதில், ஞானஸ்நானம் பெற்றார். 1973-ல் மரிக்கும் மட்டும் திருச்சபையின் மகனாயிருந்தார். பல வருஷத் தேடல் அவரை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே வரும்படி ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

குளக்கரையில் கிடந்தவனிடம் நம் ஆண்டவர் செய்ததும் இதுவன்றோ? அவனைப் பார்த்தார், வெகுகாலமாய் அப்படிக் கிடக்கிறான் என்று அறிந்தார், அவனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

அன்பர்களே, இங்கே நான் மற்றவர்களைக் குறை சொல்லிப் போய்விட்டால் அது நியாயமாகாது. என் குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் வேறொரு பங்கில் விசாரணையாயிருந்தபோது, அறையில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தேன். குடும்பத்துக்கு ஒரு கார்டு. ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மெய்விவாகம், பாஸ்குக் கடமை எல்லாம் அதிலே வரிசையாய்க் குறித்திருக்கும். மேற்றிராணியார் விசாரணைக்கு வந்தபோது அந்தப் பெட்டியைப் புகழ்ந்தார், எனக்குப் பெருமைதான். அதிலே ஒரு விதவைத் தாயும் ஒரே மகனுமாகிய குடும்பத்தின் கார்டு ஒன்று. மகனுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். அவன் பெயருக்கு நேரே, பாஸ்குக் கடமை நிறைவேற்றவில்லை என்று இரண்டு வருஷம் தொடர்ந்து பென்சிலால் குறி போட்டேன். குறி போட்டேனே தவிர, அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

ஒரு மழைக்காலத்தில் நடுராத்திரி அழைப்பு வந்தது. தாய்க்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடுத்துவிட்டு வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு வாலிபன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்ல எண்ணி, "உன் பெயரென்ன, தம்பி?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்கள் கார்டில் இருக்குமே, சுவாமி" என்றான்.

அதில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் எனக்கு இலேசாயிருந்திருக்கும். அந்த இரவு அவன் பக்கத்தில் விடியுமட்டும் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சங் கொஞ்சமாய்ப் பேசினான். தகப்பன் இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தானாம். உள்ளே வர மனமில்லாமல் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பானாம். பூசை முடிந்து ஜனங்கள் எல்லாரும் அவனைக் கடந்து போவார்கள். "ஏன் இங்கே நிற்கிறாய் என்று யாராவது கேட்டால், உள்ளே போகலாம் என்று இருந்தேன், சுவாமி. ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் நின்றுவிட்டேன்" என்றான்.

அந்தப் பையன் எந்தத் தத்துவப் புத்தகமும் படித்தவன் அல்ல. சார்த்தரை அவன் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த நாடகத்து அறையை அவன் நன்றாய் அறிந்திருந்தான். அவனுக்கு அந்த அறையைக் கட்டினவர்களில் நானும் ஒருவன்.

தாயை அடக்கம் செய்த பின் அவன் சாயங்காலங்களில் அறைவீட்டுத் திண்ணைக்கு வருவான். சில நாள் பேசுவோம். சில நாள் பேச்சே இராது. கோயிலுக்குள் வந்தானா என்று கேட்பீர்கள். நான் அங்கே இருந்தமட்டும் வாசற்படிவரை வந்தான். எனக்கு மாற்றலானபோது என் பெட்டி படுக்கையை அவனே தோளில் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினான். அந்தக் கார்டுப் பெட்டியை அடுத்து வந்த குருவிடம் ஒப்படைக்கையில், அவன் கார்டைமட்டும் வெளியே எடுத்து, "இவனைப் போய்ப் பாரும்" என்று கையில் கொடுத்தேன். இன்றுவரை என் பூசையில் அவனை நினைக்காத நாளில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்கள் செய்யவேண்டியதென்று மூன்று காரியம் சொல்லுகிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டைப் பாருங்கள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் நான்கு கைபேசி இருக்கிறது. நான்கு பேரும் நான்கு மூலையில் இருக்கிறார்கள். திண்ணையிலோ பின்கட்டிலோ வயதான தாயார் இருப்பார்கள். சாப்பாடு போடுகிறோம், மருந்து வாங்குகிறோம், குறை வைக்கவில்லை என்கிறோம். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். நூறு தடவை கேட்ட பழைய கதையானாலும் நூற்றொன்றாம் தடவை கேளுங்கள். உங்கள் உள்ளத்தில் அவர்களுக்கு இடம் விடுவது இதுதான்.

இரண்டாவது, "வாழ்க்கைக்கு அர்த்தமில்லை" என்று சொல்லுகிற மகனையோ மகளையோ அதட்டி அடக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். பரீட்சையில் தோல்வியாயிருக்கலாம், வேலை கிடைக்காத அவமானமாயிருக்கலாம், பட்டணத்து விடுதியில் ஒருவரும் பேசாத ஞாயிற்றுக்கிழமைகளாயிருக்கலாம். வாதத்தில் அவனை வென்றுவிட்டு, அவனையே இழந்துபோனால் என்ன லாபம்? முதலில் அவன் பக்கத்தில் இருங்கள். உங்கள் விசுவாசத்தை வார்த்தையால் நிரூபிக்கு முன்னே, அதை நீங்கள் மெய்யாய் எடுத்துக்கொண்டு வாழ்கிறீர்கள் என்று அவன் காணட்டும். துக்கம் அவனை மிகவும் அமிழ்த்துகிறதென்று கண்டால் தயங்காமல் என்னிடமும் நல்ல வைத்தியரிடமும் அழைத்து வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, இன்று பூசை முடிந்து வெளியே போகையில் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். நம் கோயிலுக்கு வெளியேயும் ஒரு மரத்தடி உண்டு. ஒரு மதிற்சுவர் ஓரம் உண்டு. கடைசி வாங்கு உண்டு. புதிதாய்க் குடிவந்த குடும்பம், பிழைப்புக்காக வேற்று மாநிலத்திலிருந்து வந்து நம் பாஷை தெரியாமல் நிற்கும் தொழிலாளி, புருஷனை இழந்தபின் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய்விட்ட பெண், இவர்களில் யாராவது அங்கே நிற்பார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் போய்ப் பேசவேண்டாம், அவர்களோடு பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், கேட்ட பெயரை அடுத்த ஞாயிறு மறவாதிருங்கள்.

"ஆண்டவர் செய்கிற வேலையை நாங்கள் செய்ய முடியுமா?" என்பீர்கள். அந்த நோயாளியை எழுப்பி நடக்கச் செய்தவர் ஆண்டவர்தான். அது நம்மால் ஆகாது. ஆனால் 38 வருஷமாய் அவனுக்கு ஆளில்லாமல் போனதற்கு ஆண்டவர் காரணமல்ல. அது அங்கே நடமாடினவர்கள் செய்யக்கூடியதாயிருந்தும் செய்யாமற்போன காரியம்.

அந்தச் சுவிசேஷப் பகுதியில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒன்றும் உண்டு. சுகமடைந்தவன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தன்னைக் குணமாக்கினவர் யாரென்றும் அவனுக்குத் தெரியாது. கதை அங்கே முடியவில்லை. பிறகு சேசுநாதர் சுவாமி தேவாலயத்தில் அவனை மறுபடியும் கண்டு பேசினார். ஒரு தடவை பார்த்ததோடு அவர் விட்டுவிடவில்லை.

அதே ஆண்டவர் சற்று நேரத்துக்கு முன் இந்தப் பீடத்தில் எழுந்தருளினார். நாம் அவரை உட்கொண்டோம். நம்முடைய ஞானஸ்நானப் பெயர் அவருக்கு ஒரு அட்டையில் எழுதின எழுத்தல்ல. அவர் நம்மை அந்தப் பெயர் சொல்லி அழைக்கிறார். நம்மில் தனிமையால் வாடுகிறவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்கு நான் சொல்லுவது இது: உங்களை ஒருவரும் பாராதிருந்த வேளையிலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வை உங்களை வெட்கப்படுத்தும் பார்வையல்ல. எங்கள் அசட்டையை மன்னியுங்கள். அறைவீட்டுக் கதவு திறந்திருக்கிறது. நீங்கள் வரக் கூடாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.

சிலுவையடியில் தன் மகனைவிட்டு நகராமல் நின்ற வியாகுலமாதா, ஆளில்லாதவர்களுக்கு ஆளாயிருக்கும் வரத்தை நமக்குப் பெற்றுத் தருவார்களாக.

பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பெயராலே. ஆமென்.